முதல் ஊசி யாருடைய கையில்?

“ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்” என்னும் பழமொழி எம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. “ஆயிரம் வேரைக் கண்டவன்” என்று இருந்ததே நாளடைவில் இவ்வாறு திரிந்தது என விளக்கஞ் சொல்வாரும் உளர். வைத்தியர்பால் அன்புடையார் செய்த சமாதானமாக அது இருத்தலுங் கூடும். மூலபாடம் யாதெனத் தீர்ப்புக் கூற நாம் புகவில்லை. மக்கள் நாவிலே நிலைத்தது கொலைப் பாடமே என்பதும், அதனைச் சொல்வோர் சினந்து சொல்லாமற் சிரித்தே சொல்கின்றனர் என்பதுமே எம் கருத்தைக் கவர்வன. வைத்தியன் தன் தொழிலை நோயாளியின் உடம்பிலேதான் பழகியாக வேண்டும். அதற்குரிய விலையை நோயாளியே கொடுத்தாக வேண்டும் என்னும் எண்ணம் எம் மக்கள் உள்ளத்திலே அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணம் இனியும் நிலைக்க வேண்டியதில்லை என்பதே நாம் சொல்ல வந்தது. மருத்துவ வித்தை முழுவதையும் ஈண்டு ஆராய இடமில்லை. அதனுள் மிகச் சிறியதும் மிக அன்றாடமானதுமாகிய ஒரு செயலை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். அஃது ஊசி குத்துதலும், நாளத்திலே மென்குழாயைச் செலுத்தி மருந்தும் சேலைனும் ஏற்றுதலுமாம். உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டிலே கூறிய கணக்கின்படி, உலகெங்கும் ஓராண்டிற் போடப்படும் ஊசிகள் ஏறத்தாழ 1600 கோடி. இவற்றுள் தடுப்பூசிகள் நூற்றுக்கு 5 வீதமளவே. மிகப் பெரும்பகுதி நோய்க்கு மருந்தாக ஏற்றப்படுவன. இத்துணை கோடி ஊசிகளையும் குத்தும் கைகள் யாவற்றுக்கும் முதல் ஊசி என ஒன்று இருந்தே தீரும். அந்த முதல் ஊசி யாருடைய கையிலே குத்தப்படுகின்றது?

விடையை யாவரும் அறிவர். பணமுடையார் தனியார் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். அங்கே அவர் கையைத் தொடுவது பல்லாண்டு பழகிய தாதியின் கை. மாணாக்கன் கற்பது அரசினர் வைத்தியசாலையின் பொது விடுதியிலே. கட்டணம் எதுவும் வாங்காது சிகிச்சை அளிக்கும் அப்பெருநிலையம் எமது நாட்டின் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கட்டணம் கொடாதவர் வேறொன்றைக் கொடுக்கின்றார் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவர் கொடுப்பது தம் உடம்பை. இரண்டு முறை தவறி மூன்றாம் முறையும் நாளம் அகப்படாது மாணாக்கனின் நெற்றி வியர்க்கின்றபொழுது, “நரம்பு பிடிபடேல்லைப் போல, மற்றக் கையில ஒருக்காப் பாருங்கோ தம்பி” என்று, குத்துப்பட்ட மூதாட்டியே குத்தியவனைத் தேற்றுவது எமது விடுதிகளில் அரிய காட்சியன்று. நாளம் என்றும் நாடி என்றும் நூல்கள் வகுப்பவற்றை எல்லாம் அவர் நரம்பு என்ற ஒரு சொல்லால் அடக்கிவிடுவார், அது கிடக்க. அவருடைய பெருந்தன்மையை நாம் அனுமதி என்று எழுதிக்கொள்கின்றோமே, அதுவே எமக்குச் சுடுகின்றது. மாணாக்கன் என்று அவருக்கு எவரேனும் சொன்னதுண்டா? “இவர் பழகுகின்றார், உமக்குச் சம்மதமா?” என்று எவரேனும் கேட்டதுண்டா?

இனி, பாவையிற் பழகி உடம்புக்கு வருவது மேனாட்டார் நேற்றுக் கண்ட புதுமை என்று கருதுவோர் சுசுருத சங்கிதையைப் புரட்டிப் பார்த்தல் நன்று. சூத்திரத்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இதற்கென்றே அமைந்தது. அறுத்தலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலே பழகுக என்கின்றது அந்நூல். தைத்தலைத் தடித்த துணியிலும் மெல்லிய தோலிலும் பழகவேண்டும். கட்டுக்கட்டுதலுக்கு மனித வடிவிலமைந்த செய்பாவை ஒன்று. எமது பொருளுக்கு இன்றியமையாதது வேறொன்று: நாளத்தைக் குத்தித் திறத்தலை இறந்த விலங்கின் நாளத்திலும் ஆம்பலின் தண்டிலும் பழகவேண்டும் என்பது விதி. உள்ளே துளையுடையதாய், மேலே வழுவழுப்புடையதாய், சிறிது அழுத்தினாலும் நழுவும் ஆம்பற்றண்டை விட நாளத்துக்கு நெருங்கிய ஒப்புமையை அக்காலத்தில் எவர் கண்டிருத்தல் கூடும்? நூல் முழுவதையும் கற்றவனாயினும் இப்பயிற்சியைச் செய்யாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்று அவ்வாசிரியர் ஒளிவுமறைவின்றிக் கூறுகின்றார். அப்பயிற்சிக்கு அவர் இட்ட பெயர் “யோக்கியா”. நாம் இன்று யோக்கியதை என்று வழங்குவதும் அவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே. பரீட்சைப் பெறுபேற்றையே யோக்கியதை எனக் கொள்ளும் எமது நாட்டார் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

சீனரும் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். சொங் பேரரசின் காலத்திலே, 1027 ஆம் ஆண்டில், வாங் வெய்யி என்னும் வைத்தியர் மனித அளவான வெண்கலப் பாவைகள் இரண்டை வார்ப்பித்தார். குத்தூசி வைத்தியத்துக்குரிய இடந்தோறும் அவற்றிலே நுண்டுளை உண்டு. பரீட்சை வேளையில் உள்ளே நீர் நிரப்பிப் புறத்தே மெழுகு பூசிவிடுவர் என்பர். துளை கண்ணுக்குத் தெரியாது. சரியான இடத்திற் குத்தினால் நீர் கசியும். தவறிக் குத்தினால் ஊசி வெண்கலத்தில் முட்டி நிற்கும். பரீட்சகரின் முகம் பார்த்துப் புள்ளியிடும் வழக்கத்துக்கு அங்கே இடமிருந்திராது.

இடையிலே இவ்வழக்கம் ஏன் ஓய்ந்தது என்பது பெரிய ஆராய்ச்சி. எடின்பரோவிலே அலெக்சாந்தர் வூட்டும், லியோனிலே சாள்ஸ் பிரவாசும் 1853 ஆம் ஆண்டளவில் உட்டுளையுடைய ஊசியையும் சிறிஞ்சையும் பயன்படுத்தத் தொடங்கினர். அதற்கும் முன்னரே, 1832 இல், கொள்ளைநோயாகப் பரவிய வாந்திபேதியால் உடல்நீர் வற்றிய நோயாளரின் நாளத்திலே உப்புநீரை ஏற்றியவர் ஸ்கொத்லாந்தின் தோமஸ் லற்றா. கருவி வந்தது, நூல் வந்தது, ஆயின் பழகுவதற்கு நோயாளியை அன்றி வேறெதுவும் வரவில்லை. “ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி” என்பது மேனாட்டு வைத்தியசாலைகளிலே வேதவாக்காக வழங்கியது. கூர்ந்த அறிவுடையார்க்கு அம்மொழி பொருந்தலாம். அவர் “ஒன்றைச் செய்யும்” பொழுது கட்டிலிற் கிடப்பவர்க்கு அது பொருந்துமோ?

1960 ஆம் ஆண்டிலே, நோர்வே நாட்டிற் பொம்மை செய்யும் தொழிலினராகிய அஸ்மண்ட் லேர்டால் என்பவர், மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிக்கும் முறையைப் பழகுவதற்கென மென்பிளாஸ்டிக்கில் ஒரு பெண்பாவையை உருவாக்கினார். குழந்தைகளுக்குப் பொம்மை செய்தவர் கை வைத்தியருக்கும் பொம்மை செய்தது. அதன் பின்னரே பாவைக்கைகளும், புட்டப் பாவைகளும், கணினியோடு பொருந்திய கருவிகளும் படிப்படியாகப் பெருகின.

பாவைக்கை ஒன்றைக் காணாத வாசகருக்காக அதன் அமைப்பைச் சிறிது விரித்துரைப்போம். உள்ளே உறுதியான பஞ்சுபோன்ற பொருள். அதன்மேல் முழங்கை மடிப்பிலிருந்து புறங்கை வரை நாளங்கள் ஓடும் வழியே பதிக்கப்பட்ட மென்றப்பர்க் குழாய்கள். எல்லாவற்றையும் மூடிக் கழற்றத்தக்க றப்பர்த் தோல். செந்நிறமூட்டிய நீர்ப்பை ஒன்று உயரத்தே தொங்கும். அதிலிருந்து இறங்கும் நீர் குழாய்களில் நிரம்பி மறுபுறத்துப் பையிற் சேரும். விரல்நுனியால் அழுத்தினால் குழாய் மெத்தென்று தாழ்ந்து மேலெழும். தோலுக்குப் பத்து முதல் முப்பது பாகைச் சாய்விலே ஊசியைச் செலுத்த, மெல்லிய ஒரு தடை நீங்கினாற் போன்ற உணர்ச்சி விரலுக்குத் தெரியும். அக்கணமே கனுலாவின் பின்னறையிற் செந்நீர் தோன்றும்.

அங்கேதான் பயில்வோன் களிப்படைந்து தவறிழைக்கின்றான். செந்நீர் கண்டதும் காரியம் முடிந்தது என நினைத்து ஊசியைப் பின்னும் முன்தள்ளி, நாளத்தின் மறுசுவரைத் துளைத்துவிடுகின்றான். உடம்பில் இது நிகழ்ந்தால் தோலின்கீழ் நீலம்பாரித்து வீங்கும். அந்நாளம் அன்றைக்குப் பயனற்றது. சாய்வைத் தாழ்த்தி, மயிரிழை அளவே முன்சென்று, ஊசியை அசையாது நிறுத்தி, பிளாஸ்டிக் குழாயை மாத்திரம் அதன்மேல் நழுவவிடல் வேண்டும். பின்னர் மேற்கையில் இறுக்கிய பட்டியைத் தளர்த்தி, குழாய்நுனிக்கு மேலே விரலால் அழுத்திக்கொண்டே ஊசியை உருவவேண்டும்; பட்டியைத் தளர்த்த மறந்தால் படுக்கை விரிப்புச் சாட்சி சொல்லும். உருவிய ஊசியை மூடியிட முயலாது கூர்ப்பொருட் பெட்டியிலே உடனே இடவேண்டும். சொல்லும்பொழுது ஒரு மூச்சு. செய்யும்பொழுது இரண்டு கைகளுக்கும் பத்து விரல்களுக்கும் தனித்தனியே வேலை.

இவ்வொழுங்கு அறிவினால் வருவதன்று. சைக்கிளோட்டத்தை நூலிற் படித்தவன் சைக்கிளோட்டியாகான். இருபதாவது முறையிலேதான் விரல்கள் தாமாக ஒழுங்கை நினைவுகொள்கின்றன. அதன் பின்னரே கண்ணும் மனமும் நோயாளியின் முகத்தைப் பார்க்க ஓய்வு பெறுகின்றன. அந்த இருபது முறையும் பாவையில் நிகழ்ந்தால் இழப்பு ஒரு துண்டு றப்பர். உடம்பில் நிகழ்ந்தால் இருபது பேருடைய வேதனை. குத்துபவனுக்கும் இதிலே ஆபத்துண்டு. எச்.ஐ.வி. கிருமியுள்ள குருதி பட்ட ஊசி தவறிக் குத்தியவருள் ஆயிரத்துக்கு மூவர் அளவினர் அதனாற் பீடிக்கப்படுவர். தடுப்பூசி பெறாதவர்க்கு ஈரலழற்சி ‘பி’ தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரையிலும் செல்லும். ஊசிக்கு மூடியிடும் கெட்ட பழக்கம் பாவையறையில் வேரூன்றாவிடில் விடுதியிலும் தோன்றாது.

தசையூசியைப் பற்றியும் ஒரு சொல். புட்டத்திலே மேற்புற வெளிப்பாகத்தை விட்டு விலகிக் குத்தினால், காலுக்குச் செல்லும் பெருநரம்பு தாக்குண்டு பாதம் தொங்கிப் போதலுங் கூடும். இதற்கெனச் செய்த பாவைகள் சிலவற்றில், ஊசி தவறான இடத்திற் சென்றால் விளக்கு எரியும். அன்றி ஒலி எழும். நோயாளியின் நரம்பு எழுப்பும் ஒலி வேறு.

இவையெல்லாம் விளையாட்டுச் சாமான் என்று புறந்தள்ளுவோருக்கு இரண்டு சான்றுகளைக் காட்டுவோம். சிக்காகோவின் நோத்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தார் 2009 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவிலே கழுத்து, மார்பு ஆகிய இடங்களின் பெருநாளங்களிற் குழாய் செலுத்தும் இளம் வைத்தியர், முதலிற் பாவையிலே பழகித் தேறிய பின்னரே நோயாளியை அணுகுமாறு செய்யப்பட்டனர். குழாய் பொருத்திய ஆயிரம் நாள்களுக்கு 3.2 ஆக இருந்த குருதித்தொற்று 0.5 ஆகக் குறைந்தது. முழங்கை நாளத்திற் செலுத்துவது இதனின் மிக எளிய செயல். ஆயினும் கை பழகினால் நோயாளிக்கு நலன் விளைகின்றது என்பதற்கு இதற்கு மேலும் சாட்சி வேண்டுமோ? மற்றது தாதியர் கல்வி பற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பத்துத் தாதியர் கல்விநெறிகளில் 666 மாணாக்கரை ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட பேராய்வு, விடுதிப் பயிற்சி நேரத்தின் அரைப்பங்கு வரை பாவைப் பயிற்சிக்கு விட்டவரும் ஏனையோருக்குக் குறைந்தவராகத் தேறவில்லை எனக் கண்டது. அரைப்பங்கு வரை என்பதைக் கவனிக்க. முழுவதும் என்று அஃது எங்கும் சொல்லவில்லை.

பாவைக்கை கற்பிக்கமாட்டாதவை பல. முதியோரின் நாளம் தோலின்கீழ் உருண்டோடும். பாவையின் நாளம் ஓடாது. பருத்த குழந்தையின் கையிலே நாளம் கண்ணுக்கே அகப்படாது. டெங்குக் காய்ச்சல் முற்றிக் குருதியமுக்கம் தாழ்ந்தவரின் நாளமோ ஒட்டிச் சுருங்கிக் கிடக்கும். 2017 ஆம் ஆண்டிலே எமது நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டவராகப் பதிவாயினர். படுக்கையின்றித் தரையிலும் நோயாளர் கிடந்த அந்நாள்களில் மாணாக்கனின் முதல் ஊசியைப் பக்கத்தில் நின்று திருத்த எவருக்கு ஓய்வு இருந்திருக்கும்? இளமையிலே பாவையிற் கற்றுக்கொண்டவன் அத்தகைய வேளையில் உதவியாள்; கற்காதவன் மேலும் ஒரு சுமை.

பாவைகளிற் பெரும்பாலானவை வெளிறிய நிறத்தன என்பதையும் எம்மவர் கருதவேண்டும். வெள்ளைத் தோலிலே நீலக்கோடாகத் தெரியும் நாளத்தைக் கண்ணாற் பழகியவன், எமது கமக்காரரின் வெயிலிற் கறுத்த முன்கையிலே கண்ணை நம்பித் திகைப்பான். எமது நாட்டிலே நாளம் விரலாற் காணப்படுவது. இப்பொழுது கருநிறத் தோலுடைய பாவைக்கைகளும் கிடைக்கின்றன. வாங்குவோர் கேட்டு வாங்குதல் வேண்டும். அன்றேல் விளக்கை அணைத்துவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டியதில்லை.

வேறொரு கள்ளமும் உண்டு. நூறு பேர் குத்திய பின்னர்ப் பாவைத் தோலிலே பழைய துளைகள் வரிசையாகத் தெரியும். அத்துளையிலேயே ஊசியை இடும் மாணாக்கன் முதல் முயற்சியிலே செந்நீர் காண்பான். ஆசிரியரும் தேறினான் என்று பெயரெழுதுவார். அவன் கற்றது நாளத்தைத் தேடுவதையன்று, துளையைத் தேடுவதை. கடந்த வருடத்து வினாத்தாளை மனனஞ் செய்து சித்தியெய்தும் வித்தைக்கு எமது நாட்டிலே இவ்வாறு இன்னொரு கிளை தோன்றுதல் வேண்டா.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பாவை “ஆ” என்று சொல்வதில்லை. பெயர் கேட்டால் விடை தராது. ஊசி கண்டு கையை இழுக்காது. “போன முறையும் இந்தக் கையில்தான் வீங்கினது” என்று முறையிடாது. ஆதலின் அதிலே பழகியவன் பேசாமற் குத்தும் பழக்கத்தையும் உடன் கற்றுவிடக்கூடும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ரொஜர் நீபோன் என்னும் சத்திரவைத்தியர் இதற்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே எளிய வழியொன்று காட்டினார். உயிருள்ள ஒருவரை நோயாளியாக நடிக்கச் செய்து, அவருடலோடு பாவையுறுப்பைப் பொருத்திவிடுவது. மாணாக்கன் குத்துவது றப்பரை. முகங்கொடுத்துப் பேசுவது மனிதரோடு. அவர் அஞ்சுவார், கேள்வி கேட்பார், கோபிப்பார். நாடகத்துக்குப் பெயர்பெற்ற எமது கல்லூரிகளின் பிள்ளைகளுக்கு நோயாளியாக நடிப்பது கடினமோ?

மாணாக்கர் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகும் வழக்கத்தை நாம் முற்றாக வெறுக்கவில்லை. வலியை அறிந்தவன் கை சற்று மெதுவாகவே இறங்கும். ஆனால் பாவையிலே தேறிய பின்னர், விரும்பியவர் மாத்திரம், மூத்தவர் ஒருவர் முன்னிலையில் செய்யவேண்டியது அது. தோழன் முகத்துக்கு அஞ்சிக் கையை நீட்டுபவனும், நாம் மேலே கண்ட மூதாட்டியும் ஒரே நிலையினர்.

எமது நாட்டின் மருத்துவ பீடங்கள் பலவற்றில் இன்று செய்முறைத் திறன் பயிற்சி அறைகள் உள. ஆகவே நாம் வேண்டுவது புதிய கட்டடம் அன்று. வேண்டுவது ஒரு விதி: பாவையிலே, பழைய துளையில்லாப் புதுத்தோலிலே, முழு ஒழுங்கையும் தவறின்றிச் செய்து காட்டாத எவரும், மருத்துவ மாணாக்கராயினும் தாதிய மாணாக்கராயினும், நோயாளியின் தோலை ஊசியோடு அணுகலாகாது. அணுகும் முதல் நாள்களில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். மாணாக்கர் என்பதை நோயாளிக்குச் சொல்லிச் சம்மதங் கேட்கவேண்டும். இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை மூத்தவர் கைக்கு ஊசி மாறவேண்டும். எமது கல்லூரியிற் படித்து இன்று விடுதிகளுக்குப் பொறுப்பாயுள்ள வைத்தியர்கள் இதனைத் தம் விடுதியளவிலேனும் நாளைக் காலையே தொடங்கலாம். எச்சுற்றுநிருபத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. “நாங்கள் இப்படியே கற்றோம், கெட்டுப் போகவில்லையே” என்று அவர் கூறுவாராயின், கெட்டுப்போகாதவர் அவரே; அவர் கற்ற கைகளின் கணக்கு எவரிடத்தும் இல்லை.

பிறநாடுகளிலே வாழும் பழைய மாணவருக்கும் ஒரு விண்ணப்பம். பயிற்சி அறைகளுக்குப் பாவைக்கை அனுப்ப விரும்புவோர் இருப்பர் என்பதை அறிவோம். பெயர் பொறித்து அனுப்பினாலும் குற்றமில்லை. ஆயினும் கையோடு நின்றுவிடற்க. றப்பர்த் தோலும் குழாயும் தேய்ந்து கிழிவன. மாற்றுத் தோல் இல்லாத கை இரண்டாம் வருடத்திலே அலுமாரிக்குள் துயில்கொள்ளும். ஐந்து வருடத்துக்கு வேண்டிய தோலும் குழாயும் கனுலாவும் சேர்த்து அனுப்புக. அனுப்பும் கடிதத்திலே, அவ்வறை விரிவுரை முடியும் நேரத்தோடு பூட்டப்படாமல், மாலையிலும் விடுமுறை நாளிலும் மாணாக்கருக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும், திறப்பு யார் கையில் இருக்கும் என்றும் கேட்டு எழுதுக.